புது பிஸ்டலில் தோட்டா சிக்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வாங்கிய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) ஒருமுறை நின்றுவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் பலர் ஒரே நாளில் ஸ்பிரிங்கை மாற்றி, தோட்டா ஏறும் சரிவான ராம்பைத் தேய்த்து, எண்ணெயையும் ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் எது பழுதாக இருந்தது, எது அதைச் சரிசெய்தது என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: தோட்டா எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுடும் சோதனைகளைச் சுடுதளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அணிந்து செய்யுங்கள். துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

புதுசு என்றால் ஒழுங்காக ஓட வேண்டாமா? ஏன் ஜாம் ஆகிறது?

ஓட வேண்டும்தான். ஆனால் புதுத் துப்பாக்கியில் எல்லாமே கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முன்னால் தள்ளும் ரெகாயில் ஸ்பிரிங்கும், தோட்டாவை மேலே தள்ளும் மேகசின் ஸ்பிரிங்கும் முழு விறைப்போடு இருக்கும். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் இயந்திரம் வெட்டிய நுண்ணிய கோடுகள் இன்னும் தேயாமல் இருக்கும். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டியான எண்ணெய் சேம்பருக்குள்ளும் (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் இருக்கலாம். அது போக்குவரத்துக்கும் சேமிப்புக்கும் பூசியது, ஓடுவதற்குப் பூசியது அல்ல. அதனால் முதல் தோட்டாவைச் சுடும் முன்பே கையேட்டில் சொன்னபடி பிரித்து, துடைத்து, சரியான எண்ணெய் போடுவதை யாரும் தவிர்க்கக் கூடாது.

சிறிய பிஸ்டல்கள் சிலவற்றின் கையேட்டிலேயே முதல் 200 தோட்டாக்களைப் பழக்கும் காலமாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் எப்போதாவது ஒரு தடை வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரே மாதிரியான தடை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் மாட்டேன்.

தோட்டா ஏறுவது என்பது சரியாக எந்தக் கட்டம்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சுட்டவுடன் ஸ்லைடு பின்னால் போகிறது. எக்ஸ்ட்ராக்டர் கொக்கி வெற்றுக் கூட்டை (குண்டு போனபின் மிஞ்சும் தோட்டாவின் உலோக உறை) சேம்பரிலிருந்து இழுக்கிறது, எஜெக்டர் என்ற முளையில் மோதிக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்லைடு முழுதும் பின்னால் போன பிறகு ரெகாயில் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளுகிறது. திரும்பி வரும் ஸ்லைடு மேகசினின் மேல் தோட்டாவைப் பின்புறத்தில் பிடித்துத் தள்ளும். தோட்டாவின் மூக்கு ராம்ப் என்ற சரிவில் ஏறும். அதே சமயம் தோட்டாவின் பின்விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கீழிருந்து மேலாக நழுவி உட்காரும். கடைசியில் தோட்டா சேம்பருக்குள் போய் ஸ்லைடு முழுதும் மூடிக்கொள்ளும். இவ்வளவும் நடக்க விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆக, வெற்றுக் கூடு வெளியே போகாமல் சிக்கினால் அது தோட்டா ஏறுவதில் வந்த குறை அல்ல, கூடு வெளியேறுவதில் வந்த குறை. இரண்டும் பார்க்க ஒன்று போலவே தெரியும், காரணம் வேறு. பலர் வழிதவறுவது இங்கேதான்.

ஜாம் ஆன அந்த நொடியில் என்ன செய்வது?

குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்து ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்பகுதி) ஓரத்தில் நேராக வையுங்கள். தற்காப்புப் பயிற்சியில் மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது ஆபத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது. குறையைத் தேடும் நாளில் அப்படிச் செய்தால் சாட்சி தரையில் விழுந்துவிடும். கையை ஸ்லைடுக்குக் கொண்டுபோவதற்கு முன் கூடு வெளியேறும் துவாரத்தை நன்றாகப் பாருங்கள். உள்ளே இருப்பது முழுத் தோட்டாவா, வெற்றுக் கூடா? மூக்கு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? ஸ்லைடு எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது? முந்தைய வெடி வழக்கமான சத்தத்தோடு வந்ததா?

பார்த்ததைக் குறித்துக்கொண்ட பிறகு சிக்கலை எடுங்கள். பெரும்பாலும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, மேகசினை உருவி, உள்ளே இருப்பதை வெளியேற்றினால் போதும். சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

தோட்டா நின்ற இடத்தை வைத்துக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கு கீழே குத்திக்கொண்டு ராம்பின் அடியிலோ மேகசினின் முன்சுவரிலோ நின்றால், சந்தேகம் முதலில் மேகசின் மேல்தான். ஸ்பிரிங் போதிய வேகத்தில் தோட்டாவை மேலே தள்ளவில்லை, அல்லது தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர் சாய்கிறது, அல்லது மேகசின் முழுதாக உட்காராமல் ஒரு நூல் கீழே தொங்குகிறது.

மூக்கு மேல்நோக்கிச் சேம்பரின் கூரையில் முட்டி, பின்பகுதி இன்னும் மேகசினில் இருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. மேகசினின் உதடுகள் (மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் ஓரங்கள்) தோட்டாவை விடும் நேரம் தவறியிருக்கலாம். எக்ஸ்ட்ராக்டர் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்து விளிம்பை உள்ளே நழுவ விடாமல் இருக்கலாம். தோட்டாவின் மூக்கு வடிவமோ நீளமோ அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராமல் இருக்கலாம். வேறு மேகசின், வேறு தோட்டா என்று ஒவ்வொன்றாக மாற்றித்தான் இதைப் பிரிக்க முடியும்.

தோட்டா ஏறக்குறைய முழுதும் உள்ளே போய், ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடாமல் நின்றால், சேம்பரில் அழுக்கு, தோட்டாவின் அளவு, எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம், தண்டவாளத்தில் எண்ணெய் இல்லாமை என்ற வரிசையில் பாருங்கள்.

மேகசினில் தோட்டா இருந்தும் ஸ்லைடு காலிச் சேம்பரின் மேல் மூடிக்கொண்டதா? அல்லது ஸ்லைடு தோட்டாவின் நடு உடம்பில் ஏறி அதை நசுக்கியிருக்கிறதா? இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஸ்லைடு போதிய தூரம் பின்னால் போகவில்லை, அல்லது தோட்டா நேரத்துக்கு மேலே வரவில்லை. பலவீனமான தோட்டா, தளர்ந்த பிடி, காய்ந்த தண்டவாளம், சரியாகப் பூட்டாத மேகசின் எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

சேம்பரில் பழைய கூடு இருக்க, அதன் பின்னால் புதுத் தோட்டா முட்டிக்கொண்டு நின்றால் மேகசினைத் திட்டாதீர்கள். கூட்டை இழுக்காமல் விட்டது எக்ஸ்ட்ராக்டர், அல்லது கூடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சேம்பர் அழுக்காகவோ சொரசொரப்பாகவோ இருக்கிறது. வெற்றுக் கூடு துவாரத்தில் புகைபோக்கி மாதிரி நட்டு நின்றால் அது வெளியேற்றும் குறை. பிடியும் தோட்டாவின் வலுவும் அதில் முதலில் பார்க்க வேண்டியவை.

மேகசினை எப்படிச் சோதிப்பது?

என்னைக் கேட்டால் எந்தச் சோதனையும் இங்கே தொடங்க வேண்டும். துப்பாக்கியின் மற்ற முக்கிய பாகங்கள் பெரும்பாலும் கெட்டியானவை. மேகசினோ மெல்லிய தகடு, ஸ்பிரிங், பிளாஸ்டிக் ஃபாலோயர். தோட்டா எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் ராம்பைத் தொடும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது.

ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் எண் எழுதுங்கள். ஜாம் ஆகும்போதெல்லாம் எண்ணைக் குறியுங்கள். தடைகள் எல்லாம் 2-ஆம் எண்ணில் மட்டும் வந்தால் தேடல் முடிந்துவிட்டது; அந்த மேகசினை மாற்றுங்கள். எல்லா எண்ணிலும் பரவலாக வந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஒரே ஒரு மேகசினை வைத்துக்கொண்டு குறை தேடுவது மிகவும் கடினம். தயாரிப்பாளரின் அசல் மேகசின் இன்னொன்று வாங்குவது வீண் செலவு அல்ல. வேறு கம்பெனி மலிவு மேகசினைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள், குழப்பம்தான் கூடும்.

முதல் தோட்டாவிலேயே தகராறு வருகிறதென்றால், 15 கொள்ளும் மேகசினில் 14 போட்டுப் பாருங்கள். புது ஸ்பிரிங் முழு நிறையில் அவ்வளவு இறுக்கமாக இருக்கும். மேல் தோட்டா உதட்டோடு அழுந்தி நகர மறுக்கும். ஸ்லைடு மூடியிருக்கும்போது முழு மேகசினைச் செருகினால் அது பூட்டிக்கொள்ள நல்ல அழுத்தம் தேவை. செருகியபின் ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிட்டால் அது பூட்டியிருக்கவில்லை. தடை கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களில் மட்டும் வந்தால், அங்கே ஸ்பிரிங்கின் வலு மிகக் குறைவு என்பதால், ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மேகசினைப் பிரித்து உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்து வைப்பதோடு தோட்டாவின் பிரைமருக்கும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அது நல்லதல்ல. இடுக்கியால் உதடுகளை வளைத்துச் சரிசெய்யும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தோட்டாவின் கோணத்தை மாற்றிவிடும், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஒரு பிராண்டு தோட்டா ஓடுகிறது, இன்னொன்று சிக்குகிறது. துப்பாக்கியில் குறை என்று சொல்லலாமா?

அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். ஒரே 9 மி.மீ. பெயரில் வரும் தோட்டாக்களிலும் குண்டின் எடை, மூக்கின் வடிவம், மொத்த நீளம், மருந்தின் வலு எல்லாம் மாறும். குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்வார்கள்; 115, 124, 147 கிரெய்ன் எடைகள் பரவலாகக் கிடைக்கும். 9x19 (வழக்கமான 9 மி.மீ.) தோட்டாவின் மொத்த நீளத்துக்கு மேல் வரம்பு 29.69 மி.மீ. வரம்புக்குள் இருந்தாலும் குட்டையான, தட்டை மூக்குத் தோட்டா ஒன்று உருண்டை மூக்குத் தோட்டா ஏறும் அதே ராம்பில் தடுக்கி நிற்கலாம். அமெரிக்க ராணுவத்தின் பழைய எம் 1911 பிஸ்டலின் ராணுவத் தோட்டா 230 கிரெய்ன் உருண்டை மூக்குக் குண்டு. அந்த வடிவத்தை மனத்தில் வைத்துச் செய்த பழைய துப்பாக்கிகள் சில, வாய் திறந்த ஹாலோ பாயின்ட் குண்டுகளை ஏற்க அடம்பிடிப்பது இதனால்தான்.

குறை தேடும் காலத்தில் தொழிற்சாலையில் செய்த, முழு உலோக உறை போட்ட, உருண்டை மூக்கு, 124 கிரெய்ன் தோட்டாவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே சிக்கினால் துப்பாக்கியையோ மேகசினையோ கேள்வி கேட்கலாம். அது நன்றாக ஓடி ஹாலோ பாயின்ட் மட்டும் சிக்கினால், வேறொரு ஹாலோ பாயின்டைத் தேடுங்கள். தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் தோட்டா விலை கூடியது என்பதற்காக அதைச் சுட்டுப் பார்க்காமலே நம்புவது தவறு. அதே மேகசின்களில் அதே தோட்டாவைப் பல முறை நிரப்பிச் சுட்டுப் பார்த்த பிறகுதான் அதற்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும்.

மறுபடி மருந்து நிரப்பிய தோட்டாக்களை இந்தச் சோதனைகளில் சேர்க்கவே கூடாது. அவற்றைச் சுட்டால் வாரண்டி கிடையாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தோட்டா சேம்பருக்குப் பொருந்துகிறதா என்று சுடாமல் பார்க்க முடியுமா?

முடியும். துப்பாக்கியைக் காலிசெய்து பிரித்து, பேரலை (குழலை) மட்டும் தனியே எடுங்கள். சேம்பர் மேலே பார்க்கப் பிடித்துத் தோட்டாவை விரலிலிருந்து விடுங்கள். 'டொக்' என்று விழுந்து, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றி, பேரலைக் கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். அழுத்தினால்தான் போகிறது, கவிழ்த்தும் வரவில்லை என்றால் அந்தத் தோட்டா அந்தச் சேம்பருக்கு நீளமோ தடிமனோ அதிகம், அல்லது சேம்பரில் அழுக்கு இருக்கிறது. சுத்தம் செய்து மறுபடி போட்டுப் பாருங்கள். நிஜத் தோட்டா தேவைப்படுவதால் இதையும் சுடுதளத்தில் செய்வதே சரி.

என் பிடி தளர்வு என்கிறார்கள். கை எப்படித் துப்பாக்கியை நிறுத்தும்?

இதைக் கேட்டுப் பலருக்கு வருத்தம் வருகிறது, வேண்டியதில்லை. இது திறமை பற்றிய தீர்ப்பு அல்ல, வெறும் பௌதிகம். ஸ்லைடு ஃபிரேமின் மேல் பின்னோக்கி ஓட வேண்டும் என்றால் ஃபிரேம் ஓரளவு அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் ஃபிரேமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு ஃபிரேமைவிட எவ்வளவு அதிகம் நகர்ந்தது என்பதுதான் கணக்கு; அது குறைந்துவிடுகிறது. ஸ்பிரிங் பாதியில் திருப்பித் தள்ள, கூடு சிக்குகிறது அல்லது அடுத்த தோட்டா பிடிபடுவதில்லை. எடை குறைந்த பாலிமர் ஃபிரேம் சிறிய பிஸ்டல்களில் இது அதிகம்.

சோதிப்பது எளிது. அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே தோட்டாவை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவரிடமும் நின்றால் கையை விட்டு மற்றதைப் பாருங்கள். அவரிடம் ஓடினால் நல்ல செய்தி: செலவில்லாமல் சரியாகும் குறை இது. கைப்பிடியின் மேல் நுனிவரை கையை ஏற்றி, இரு கையாலும் இறுக்கி, மணிக்கட்டை மடங்க விடாமல் சுடுங்கள். கட்டைவிரல் ஸ்லைடில் உரசுகிறதா என்றும் கவனியுங்கள். அந்த உரசல்கூட வேகத்தைக் குறைக்கும்.

எண்ணெய் எங்கே, எவ்வளவு?

தண்டவாளங்களில் ஒவ்வொரு சொட்டு, பேரலின் வெளிப்புறத்தில் ஸ்லைடோடு உரசிப் பளபளக்கும் இடங்களில் மெல்லிய பூச்சு, அவ்வளவே. சேம்பரிலும் ஸ்டிரைக்கர் (பிரைமரைக் குத்தும் ஊசி) ஓடும் துளையிலும் எண்ணெய் கூடாது. கையேட்டில் படம் இருக்கும், அதை மீறாதீர்கள்.

கையால் முதல் தோட்டாவை ஏற்றும்போது மட்டும் மூடுவதில்லை. சுடும்போது சரியாக ஓடுகிறது.

ஸ்லைடோடு கையையும் முன்னால் கொண்டுபோகிறீர்கள் என்று நினைக்கிறேன். ரெகாயில் ஸ்பிரிங்கின் முழு வேகம் கிடைத்தால்தான் தோட்டா ராம்பில் ஏறும். ஸ்லைடைக் கடைசிவரை இழுத்து, பட்டென்று விட்டுவிடுங்கள். ஆனால் தோட்டாவைக் கையால் நேரடியாகச் சேம்பரில் போட்டு அதன் மேல் ஸ்லைடை அறைய விடாதீர்கள். கீழிருந்து விளிம்பு நழுவி ஏறும்படி செய்த எக்ஸ்ட்ராக்டர் அப்படி மோதினால் சேதமாகலாம்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று. தினமும் துப்பாக்கியைக் காலிசெய்து, மறுநாள் அதே தோட்டாவை ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒவ்வொரு முறையும் மூக்கு ராம்பில் மோதி, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தோட்டா குட்டையாகும், சுடும்போது அழுத்தமும் ஆபத்தான அளவுக்கு உயரலாம். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளத்தைப் பாருங்கள். குட்டையானதைச் சுடாதீர்கள்.

ஸ்லைடு முழுதும் மூடவில்லை. பின்னால் தட்டி மூடலாமா?

குறை தேடும்போது வேண்டாம். எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, முந்தைய வெடி 'புஸ்' என்று பலவீனமாகக் கேட்டிருந்தால் எதையும் தட்டவோ அடுத்ததைச் சுடவோ கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். முழுதும் காலிசெய்து, பேரலைப் பிரித்தெடுத்து ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா வேறு விஷயம். குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி பொறுத்திருந்து எடுங்கள். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு சிறியது, ஆனால் உண்டு.

கடைசித் தோட்டா முடிந்தும் ஸ்லைடு திறந்து நிற்பதில்லை. சில சமயம் நடுவிலேயே திறந்து நின்றுவிடுகிறது.

இரண்டுக்கும் முதல் காரணம் கட்டைவிரல். ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோலின் மேல் விரல் படிந்திருந்தால் அது எழும்பாது. கீழிருந்து தட்டினால் தேவையில்லாமல் எழும்பும். விரலை நகர்த்தியும் மாறாவிட்டால் மேகசினின் ஃபாலோயரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்.

ராம்பைப் பளபளப்பாகத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். சுழலும் கருவியால் வீட்டில் தேய்க்கும்போது பளபளப்பு மட்டும் கூடுவதில்லை, சரிவின் கோணமும் மாறுகிறது. சேம்பரின் வாய் ஓரத்தில் உலோகம் குறைந்தால், அந்த இடத்தில் கூட்டுக்குத் தாங்கல் போய்விடும். சுடும்போது கூடு அங்கே பிதுங்கிக் கிழியலாம். வாரண்டியும் போச்சு. ராம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிறு இருந்தால் அது தயாரிப்பாளர் சரிசெய்ய வேண்டியது.

புது ஸ்பிரிங் மாற்றும் யோசனையும் அப்படியே. கனமான ஸ்பிரிங் ஸ்லைடை வேகமாக மூடும், ஆனால் பின்னால் போகும் தூரத்தைக் குறைக்கும். ஒரு தடையை எடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். சிறிய பிஸ்டலில் ஸ்லைடு ஓடும் தூரமே குறைவு. அங்கே இந்த விளையாட்டுக்கு இடமே இல்லை.

மருந்தில்லாத டம்மி தோட்டாவால் வீட்டில் சோதித்தால் போதுமா?

மேகசின் பூட்டுகிறதா, முதல் தோட்டா ஏறுகிறதா, எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கிறதா என்று பார்க்க உதவும். சுடும் வேகத்தைக் கை தர முடியாது, டம்மியின் எடையும் வேறு. அதனால் கையில் ஓடியது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது தயாரிப்பாளருக்கு அனுப்புவது?

சுத்தம் செய்து எண்ணெய் போட்டாயிற்று, இரண்டாவது அசல் மேகசினும் போட்டுப் பார்த்தாயிற்று, இரண்டு வகை நல்ல தோட்டா போட்டாயிற்று, இன்னொருவர் சுட்டும் பார்த்தாயிற்று, தடை அப்படியே இருக்கிறது என்றால் அனுப்பலாம். இதற்குமேல் பொறுமை தேவையில்லை.

சில அறிகுறிகளுக்கு இந்த வரிசையும் வேண்டாம். ஸ்லைடு மூடும்போதே வெடிப்பது, ஒருமுறை விசையை அழுத்தினால் இரண்டு வெடிப்பது, வெற்றுக் கூட்டில் பிதுக்கமோ கிழிசலோ தெரிவது, ஃபிரேமிலோ ஸ்லைடிலோ விரிசல்: இவற்றில் ஒன்றைப் பார்த்தால் அந்த நிமிடமே காலிசெய்து பெட்டியில் வையுங்கள்.

அனுப்பும்போது 'அடிக்கடி ஜாம் ஆகிறது' என்று மட்டும் எழுதினால் அங்கே உள்ளவர் நாலு தோட்டா சுட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். எந்த எண் மேகசின், எத்தனையாவது தோட்டா, எந்தப் பிராண்டு, எத்தனை கிரெய்ன், மூக்கு எங்கே முட்டியது, மொத்தம் எத்தனை சுட்டதில் எத்தனை தடை என்று எழுதுங்கள். படம் இருந்தால் சேருங்கள். மேகசின்களையும் கூடவே அனுப்புங்கள், குறை அவற்றில் இருந்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? தோட்டாவை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது.

பழுதுபார்த்துத் திரும்பி வந்ததும்?

குறிப்பை முதலிலிருந்து தொடங்குங்கள். முன்பு தடை வந்த அதே மேகசின், அதே தோட்டா. முதலில் உருண்டை மூக்கு, அப்புறம் நீங்கள் உண்மையில் வைத்துக்கொள்ளப்போகும் தோட்டா. தொடர்ந்து 200 தோட்டா ஒரு தடையும் இல்லாமல் ஓடினால் நான் அந்தத் துப்பாக்கியை நம்பத் தொடங்குவேன். நடுவில் ஒன்று நின்றால், அது எங்கே நின்றது என்று பார்த்து எழுதிவிட்டு, எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவேன்.